துண்டுக்குள் கை

திருச்சியிலிருந்து பொத்திப் பொத்திக் கொண்டுவந்த அட்டைப் பெட்டியை, மலைப் பேருந்தில் ஒரு பெரியவருக்கு இடம் விடுவதற்காகச் சங்கீதா கீழே வைத்தாள். அடுத்த கொண்டை ஊசி வளைவிலேயே அதன் மேல் ஓர் அரிசிச் சிப்பம் ஏறிக்கொண்டது. மலை ஏறி முடிந்து அவள் பேருந்தை விட்டு இறங்கும்போது பெட்டி அப்பளமாகக் கிடந்தது.

நல்லவேளை, கை தப்பித்தது. அது அவளுடைய துணிப்பையில் இருந்தது.

கை என்றால் நிஜக் கை இல்லை. துணிக்கடை வாசலில் சட்டை மாட்டி நிறுத்தியிருக்கும் பொம்மையின் வலது கை. தோள் உடைந்த பொம்மை என்பதால் கடைக்காரர் சும்மாவே கழற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதை வெளியே எடுத்ததும் அவள் அம்மா அத்தாயி அலறியடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"ஏங்கண்ணு, படிக்கப் போன புள்ள எதுக்கு ஊட்டுக்குள்ள பொணத்துக் கையைக் கொண்டாந்திருக்கற?"

"பிளாஸ்டிக்குங்கம்மா. பரிசோதனைக்கு."

"அப்ப மீதி ஆளு எங்க?"

அப்பா செல்லமுத்து மட்டும் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகம்கூட வைத்திருக்கிறான் பார் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். மகள் துருப்பிடித்த ஆணியைக் கொண்டுவந்திருந்தாலும் அவர் பெருமைப்பட்டுத்தான் இருப்பார். மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டிலிருந்து உளவியல் படிக்கப் போன முதல் ஆள் சங்கீதா. உளவியல் என்றால் என்னவென்று அவருக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "டாக்டர் படிப்புத்தானுங்க, மூளைக்கு மட்டும்" என்று சொல்லி வைத்திருந்தார்.

சங்கீதா பொறுமையாக விளக்கினாள். ஒருவருடைய கையை அவர் கண்ணில் படாமல் மறைக்க வேண்டும். அவருக்கு முன்னால் பொம்மைக் கையை வைக்க வேண்டும். இரண்டு கையையும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, பிரஷ்ஷால் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். கண் ஒரு கையில் தடவலைப் பார்க்கும், தோல் இன்னொரு கையில் அதை உணரும். கொஞ்ச நேரத்தில் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டு, பொம்மைக் கையையே தன் கை என்று ஏற்றுக்கொள்ளும். அப்போது பொம்மைக் கையின் மேல் எதையாவது போட்டால் ஆள் துள்ளிவிடுவார். வெளிநாட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவரவர் ஊரில் செய்து பார்த்து வந்து வகுப்பில் பேச வேண்டும் என்பது பேராசிரியர் உத்தரவு. விடுதித் தோழிகள் சிரித்தே காரியத்தைக் கெடுத்துவிட்டார்கள். ஊரிலாவது பலிக்க வேண்டும் என்று சங்கீதா தவித்துக்கொண்டிருந்தாள்.

"மறைக்கறதுக்குத்தானுங்கப்பா பெட்டி கொண்டாந்தேன். நசுங்கிப் போச்சு."

செல்லமுத்து தோளில் கிடந்த துண்டை உருவி உதறினார். "கையை மறைக்கறதுக்கு இதை உட்டா உலகத்துல வேற என்ன கண்ணு இருக்குது? நாளைக்குச் சந்தை. அங்கயே வெச்சுக்குவோம். எம் புள்ள படிச்ச படிப்பை நாலு பேரு பாக்கோணும். மொத ஆளு நாந்தான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. செல்லமுத்து மிளகுத் தரகர். விலையை வாயால் பேசுவது அந்தச் சந்தையில் வழக்கம் இல்லை. தரகரும் வியாபாரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டுக்குள் வலது கையை விட்டுக்கொள்வார்கள். எந்த விரலை எப்படிப் பிடித்தால் என்ன விலை என்று கணக்கு உண்டு. ஐந்து விரலையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்தால் அது உச்ச விலை, அதற்கு மேல் கேட்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. பிடித்தபின் மாற்றிச் சொல்லக் கூடாது. துண்டுக்குள் நடந்ததைத் தரகர் வெளியே சொல்லவே கூடாது.

"எங் கைக்குத் தனியாக் கண்ணு இருக்குது. ஒருத்தன் விரலைத் தொட்டா அவன் மனசுல என்ன வெலை ஓடுதுன்னு தெரிஞ்சு போயிரும்" என்பது செல்லமுத்து தினமும் தவறாமல் சொல்லும் வாசகம். மலையில் அவருக்கு இருந்த பேரெல்லாம் அந்தக் கையை நம்பித்தான்.

மறுநாள் சந்தையில், மிளகு மூட்டைகளுக்கு முன்னால் இருந்த மரப்பெஞ்சில் அவர் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்தார். பெஞ்சில் அவருக்கு இடப்பக்கம், துறையூரிலிருந்து மிளகு வாங்க வந்திருந்த அமீர் ஹம்சா உட்கார்ந்திருந்தார். சிவந்த மேனி, வெள்ளைச் சட்டை. விலை பேசும்போது மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அவர் முகத்தில் ஒரு சலனம் தெரியாது. சுற்றி ஒரே கூட்டம். கூட்டத்துக்கு முன்வரிசையில், இன்னொரு தரகரான மாணிக்கம்.

"இந்தக் கலர்ல கை இந்தச் சந்தையிலயே பாய்க்கு மட்டுந்தான் இருக்குது. இதைப் போயி செல்லமுத்து தன் கைன்னு நெனைக்கோணுமா?" என்று மாணிக்கம் கேட்க, கூட்டம் சிரித்தது.

சங்கீதா எதற்கும் அசரவில்லை. இருவருக்கும் முன்னால் ஒரு மிளகு மூட்டையை மேசையாக நிறுத்தி, அதன் மேல் பொம்மைக் கையை வைத்தாள். அப்பாவின் கையைப் பக்கத்தில் வைக்கச் சொல்லித் துண்டை விரித்து மூடினாள்.

"எல்லாரும் பேசாம இருங்க. அப்பா, நீங்க பொம்மைக் கையை மட்டும் பாருங்க."

ஒரு பிரஷ்ஷால் பொம்மைக் கையைத் தடவினாள். இன்னொரு பிரஷ்ஷைத் துண்டின் ஓரமாக நுழைத்து, புறங்கை தட்டுப்பட்டதும் அதையும் அதே வேகத்தில் தடவினாள். துண்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. கண் நிஜக் கையைப் பார்த்துவிட்டால் எல்லாம் போச்சு.

"அப்பா, விரலை ஆட்டாதீங்க."

"ஆட்டலீங்கண்ணு" என்றார் செல்லமுத்து, கோயில் சிலை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

இரண்டு பிரஷ்ஷும் சேர்ந்து போய்வந்தன. பெஞ்சில் இருந்த இருவரும் அந்தச் சிவந்த பிளாஸ்டிக் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கீதா மெல்ல ஒரு கையை விடுவித்து, தராசிலிருந்து எடைக்கல்லை எடுத்தாள். பொம்மைக் கையின் மேல் 'ணங்'கென்று போட்டாள்.

"ஆ!"

சந்தையே அதிர்ந்தது. பெஞ்சில் இருந்த இருவரும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்ததில் பெஞ்சு குடைசாய்ந்தது, துண்டு பறந்தது, மிளகு சிதறியது. செல்லமுத்து வலது கையை உதறு உதறென்று உதறிக்கொண்டு நின்றார்.

சங்கீதா ஆனந்தத்தில் கைதட்டினாள். பலித்துவிட்டது! அதுவும் அவள் அப்பாவிடமே! வகுப்பில் எழுந்து நின்று பேசப்போவதை அப்போதே மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

அன்று மிளகு உச்ச விலைக்குப் போனது. அமீர் ஹம்சா டீகூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஆனால் விலையைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. பேச்செல்லாம் கையைப் பற்றித்தான்.

"தன் கை எது, பொம்மைக் கை எதுன்னு தெரியாத ஆளுக்கிட்டயா இத்தன நாளு மூட்டையைக் கொண்டாந்து எறக்குனீங்க?" என்று மாணிக்கம் டீக்கடையில் ஆரம்பித்தார்.

"வெலை நல்லாத்தானுங்க வந்துச்சு" என்றார் மிளகு விவசாயி செங்கோடன்.

"அது பாய் எரக்கப்பட்டுக் குடுத்தது. கை போன தரகன்னு பாவம் பாத்திருப்பாரு. எல்லா வாரமுமா எரக்கப்படுவாரு?"

சங்கீதாவுக்குச் சுருக்கென்றது. அப்பாவின் பேருக்குத் தன்னால் கேடு வந்தால் அந்தப் படிப்பே வேண்டாம் என்று தோன்றியது. நேராக டீக்கடைக்குப் போய் நின்றாள்.

"இது அப்பா தப்பு இல்லீங்க. நம்ம மூளை கண்ணையும் தோலையும் ரெண்டு சாட்சியா வெச்சுத்தான், இது என் கைன்னு முடிவு பண்ணுது. ரெண்டு சாட்சியும் ஒரே மாதிரிச் சொன்னா நம்பிருதுங்க."

செங்கோடன் யோசித்தார். "அப்ப சாட்சியைச் சரிக்கட்டிப்போட்டா, எங் கையை ஆரு பேருக்கு வேணும்னாலும் மாத்திரலாமுங்களா?"

"அப்படி இல்லீங்க. நல்லா வேலை செய்யற மூளைக்கு இது நடக்கறது சகஜமுங்க."

"அப்ப நடக்காதவங்களுக்கு மூளை வேலை செய்யலைங்கறயா கண்ணு?" என்றார் மாணிக்கம்.

டீக்கடை மொத்தமும் கோபித்துக்கொண்டது. செல்லமுத்துவின் மகள் ஊருக்கே மூளை இல்லை என்று சொல்லிவிட்டாள் என்ற செய்தி, அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு முன்னால் போய் அம்மாவிடம் உட்கார்ந்திருந்தது.

சரி, மாணிக்கத்துக்கும் கை ஏமாறும் என்று காட்டிவிட்டால் வாயை மூடிக்கொள்வார் என்று சங்கீதா கணக்குப் போட்டாள். மறுநாள் அதே டீக்கடையில் அவரை உட்கார வைத்தாள். மாணிக்கம் சாமி கும்பிடுகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் தொறந்து பொம்மைக் கையைப் பாருங்க."

"பாக்கறேன், பாக்கறேன்" என்று திறந்தவர், ரோட்டில் போகும் வாழைத்தார் லாரியைப் பார்த்தார். சங்கீதா பதற்றத்தில் தடவிய தடவல் ஒன்றுக்கொன்று சேரவில்லை. எடைக்கல் விழுந்தபோது மாணிக்கம் நிதானமாக ஒரு கொட்டாவி விட்டார்.

"எங் கை எங் கைதானுங்க. அங்க இங்க போவாது" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. செங்கோடன் தயங்கித் தயங்கிச் சங்கீதாவிடம் வந்து, "அடுத்த சந்தைக்கு மூட்டையை மாணிக்கத்துக்கிட்டயே எறக்கிடலாம்னு ஊட்டுல சொல்றாங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சந்தையன்று செல்லமுத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு மூட்டைகூட இல்லை. எந்த நேரமும் வாய் ஓயாத மனிதர், துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அதைப் பார்க்கச் சங்கீதாவுக்குத் தாங்கவில்லை.

அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அப்பாவையே மறுபடி உட்கார வைத்து, இந்த முறை வேண்டுமென்றே மாற்றி மாற்றித் தடவ வேண்டும். பொம்மைக் கையில் விரலைத் தடவும்போது நிஜக் கையில் மணிக்கட்டைத் தடவ வேண்டும். கண் ஒன்று சொல்லும், தோல் வேறொன்று சொல்லும், மூளைக்கு முடிச்சுப் போட வராது. கல் விழும்போது அப்பா அசையாமல் இருப்பார். போன பேர் திரும்பி வரும். அப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லக் கூடாது, சொன்னால் நடிக்கப் பார்ப்பார், அவருக்கு நடிக்க வராது.

"அப்பா, இன்னொருக்கா பண்ணலாமுங்களா? எல்லாரு முன்னாடியும்?"

"தாராளமாக் கண்ணு" என்று செல்லமுத்து உடனே கையை நீட்டினார்.

கூட்டம் கூடியது. துண்டு விரிந்தது. சங்கீதா கவனமாக, ஒரு தடவல்கூடச் சேராதபடி தடவினாள். பிறகு எடைக்கல்லைக் கையில் எடுத்தாள். தூக்கினாள்.

"ஐயோ! எங் கை போச்சே! சாமீ!" என்று செல்லமுத்து பெஞ்சிலிருந்து உருண்டு கீழே விழுந்தார். பொம்மைக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு புரண்டார்.

"அப்பா, கல்லு இன்னும் எங் கையிலதான் இருக்குது" என்றாள் சங்கீதா.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சங்கீதா அப்பாவை எழுப்பி, மண்ணைத் தட்டிவிட்டு, டீக்கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏனுங்கப்பா கத்துனீங்க?"

"வலிச்சுது கண்ணு."

"வலிக்க வழியே இல்லீங்க. நான் வேணும்னே மாத்தி மாத்தித் தடவுனேன். உண்மையைச் சொல்லுங்க."

செல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "உம் பரிசோதனை செயிக்க வேண்டாமா? காலேசுல அத்தன பேரு முன்னாடி எந்திரிச்சு நின்னு, எங்கூருல பலிக்கலைன்னு நீ சொல்றதுக்கா உன்னை மலையை உட்டு எறக்கிப் படிக்க வெச்சேன்?"

"உங்க பேரு போவுதேப்பா!"

"போனாப் போவுது. சந்தைக்கு இன்னும் நாலு தரகனுங்க இருக்கறாங்க. மூளையைப் படிச்ச புள்ள இந்த மலைக்கே நீ ஒருத்திதான்."

சங்கீதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு அப்பாவா என்று பெருமையாகவும் இருந்தது, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. "அப்ப போன வாரம் கத்துனதும் நடிப்புத்தானா?"

"அது துண்டுக்குள்ள நடந்தது. வெளிய சொல்லப்படாது" என்று செல்லமுத்து வாயை மூடிக்கொண்டார்.

வேறென்ன அர்த்தம்? நடிப்புத்தான். அவள் பரிசோதனை எந்த நாளும் பலிக்கவே இல்லை. அப்பாவின் பேரும் போய், தன் படிப்பும் போய் நிற்பதைச் சங்கீதா நினைத்துப் பார்த்தாள். இரண்டில் ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும். எதை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க! எங்கப்பா கை ஏமாறவே இல்லீங்க. என் பரிசோதனைதான் தோத்துப் போச்சு. எனக்காக அவரு நடிச்சாருங்க!"

மாணிக்கம்தான் முதலில் சுதாரித்தார்.

"நல்லாச் சொன்ன கண்ணு. தரகரு நடிப்பாருங்கற. இப்படி வெளிய நடிக்கற ஆளு, துண்டுக்குள்ளயும் நடிப்பாருதான?"

ஏமாளித் தரகரையாவது இரக்கப்பட்டு மன்னிப்பார்கள். நடிக்கிற தரகரிடம் எவன் மூட்டையை இறக்குவான்? செங்கோடன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். சங்கீதா பெஞ்சின் மேலேயே நின்றாள்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அமீர் ஹம்சா வந்தார். ஜீப்பை எப்போது நிறுத்தினார், எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. மாணிக்கம் ஓடிப்போய்த் தன் பெஞ்சைத் துடைத்து, "வாங்க பாய், உக்காருங்க" என்று தன் துண்டை விரித்தார். அமீர் ஹம்சா அந்தத் துண்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. சங்கீதாவின் காலடியில், பெஞ்சின் ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அதை எடுத்து முதல்ல பைக்குள்ள போடும்மா. அது என் கண்ணுலயே படவேண்டாம்."

சங்கீதா அவசரமாகக் குனிந்து கையை எடுத்துப் பையில் போட்டாள்.

"மலை ஏறும்போதே எல்லாம் கேள்விப்பட்டேன். யாரு சொன்னது மாணிக்கம், நான் இரக்கப்பட்டு விலை குடுத்தேன்னு?" என்றார் அமீர் ஹம்சா. "எங்க அத்தா காலத்துலேர்ந்து நாங்க இந்த மலையில மிளகு வாங்குறோம். இரக்கப்பட்டு ஒரு பிடி மிளகுக்காவது விலை கூட்டிக் குடுத்திருக்கோமா?"

"பாய், வேண்டாமுங்க" என்று செல்லமுத்து டீக்கடைக்குப் பின்னாலிருந்து பதறிப்போய் ஓடிவந்தார். "துண்டுக்குள்ள நடந்தது…"

"நீங்க சொல்லக் கூடாது. வாக்கு வாக்குதான், ஒரு வாரமா அவமானப்பட்டும் நீங்க வாயைத் திறக்கல. நான் சொல்லலாம்ல?" என்று அவரைக் கையமர்த்திவிட்டு, அமீர் ஹம்சா பெஞ்சின் மேல் நின்ற சங்கீதாவை நிமிர்ந்து பார்த்தார். "தோத்துப் போச்சுன்னு காலேஜ்ல போய்ச் சொல்லிடாதே பாப்பா. அவ்வளவு பேருக்கு நடுவுல 'ஆ'ன்னு கத்துனது நான்தான். வலி தாங்காம உங்கப்பா விரல் அஞ்சையும் சேர்த்து இறுக்கிப் பிடிச்சேன். பிடிச்சது பிடிச்சதுதானே, உச்ச விலையைக் குடுத்துட்டுப் போனேன்."

சங்கீதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்களுக்கு எதுக்குங்க வலிச்சுது? நான் தடவுனது எங்கப்பா கையைத்தானுங்களே?"

அமீர் ஹம்சா தன் வலது கையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சந்தையில துண்டை விரிச்சா வியாபாரி கை வெளியவா இருக்கும்? உங்கப்பா கை மேல என் கையை வெச்சு நான் விலை பேசிட்டிருந்தேன். நீ தடவுனதெல்லாம் என் கையைத்தாம்மா!"